தோட்டமும் குறைந்தபட்சத் தரமும்

பொதுமக்களுக்கு அரசாங்கத்தார் செய்து தரவேண்டிய ஊழியங்களுக்கு ஓர் எல்லைக்கோடு உண்டு. அக்கோட்டுக்குக் கீழே எந்த அதிகாரியும் இறங்கலாகாது. இறங்கினால் ஏன் என்று கேட்கும் உரிமை குடிகளுக்கு உண்டு என்னும் கொள்கை இன்று எல்லா நாடுகளிலும் பேசப்படுகிறது. பிரிட்டனில் ஜான் மேஜர் பிரதம மந்திரியாயிருந்தபோது, 1991-ம் ஆண்டில், பிரஜைகள் சாசனம் ஒன்று வெளியாயிற்று. மலேசியாவில் 1993-ம் ஆண்டில், ஒவ்வொரு இலாகாவும் தனக்கென ஒரு வாடிக்கையாளர் சாசனம் எழுதி வைக்கவேண்டுமென்று அரசாங்கச் சுற்றறிக்கை பிறந்தது. அதுமுதல் நகரத்துக் காரியாலயங்களில், இன்ன பத்திரம் இத்தனை நாளில் கிடைக்கும், இன்ன கட்டணத்தைச் செலுத்த இத்தனை நிமிடம் ஆகும் என்று எழுதிச் சுவரில் மாட்டியிருப்பதை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். கடை லைசென்சுக்குப் போகும் வியாபாரியும், பிள்ளையின் பிறப்புப் பத்திரத்துக்குப் போகும் தாயும் அந்தப் பலகையைச் சுட்டிக்காட்டி நியாயம் கேட்கலாம்.

அந்தப் பலகையைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அஃது இருக்கவேண்டியதே. ஆனால், நமது தோட்டப்புறத்து மக்களுக்கு இந்தக் குறைந்தபட்சத் தரம் என்பது 1993-ல் வந்த புதுச் சரக்கு என்று யாரேனும் நினைப்பாராயின், அது சரித்திரப் பிழை. தோட்டத்து லயத்துக்கும், குழாய்க்கும், கக்கூசுக்கும், பள்ளிக்கூடத்துக்கும் சட்டத்தில் அளவு எழுதத் தொடங்கி நூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றன. அப்படியிருந்தும் அந்த மக்கள் அவற்றைத் தம் உரிமையென்று கையில் பிடிக்க முடியாமற் போனது ஏன் என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

அரசர் பெயர்களையும் போர்த் தேதிகளையும் நெட்டுருப் போடுவதே சரித்திரம் என்று பள்ளிக்கூடத்தில் நமக்குக் கற்பிக்கிறார்கள். சாக்கடைக்கும் சரித்திரம் உண்டு. சில சமயங்களில் அரசர் கதையைவிட அதிலே படிப்பினை மிகுதி. ஆகவே, முதலில் இங்கிலாந்துச் சாக்கடையிலிருந்து தொடங்குவோம்.

எட்வின் சாட்விக் என்பவர் 1842-ம் ஆண்டில், இங்கிலாந்துத் தொழிலாளரின் சுகாதார நிலைமை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். அதில் அவர் தந்த கணக்கு இது: மான்செஸ்டர் நகரத்தில் இறந்த கனவான்களின் சராசரி வயது 38, அதே நகரத்துத் தொழிலாளிகளின் சராசரி வயது 17. லிவர்ப்பூலில் கனவான்களுக்கு 35, தொழிலாளிகளுக்கு 15. குழந்தைச் சாவுகளையும் சேர்த்து எடுத்த சராசரி இது என்பதை மறக்கலாகாது. மறவாமற் பார்த்தாலும் நெஞ்சு நடுங்கவே செய்யும். இவற்றினும் முக்கியமான எண் வேறொன்று. ரட்லண்டு என்னும் நாட்டுப்புற ஜில்லாவில், கலப்பை பிடிக்கும் கூலியாளின் சராசரி வயது 38. மான்செஸ்டரில் வண்டியேறிப் போகும் கனவானுக்கு வாய்த்த ஆயுள் அவ்வளவே! அப்படியானால் ஏழையைக் கொன்றது தலைவிதியா? வறுமை மட்டுமா? ரட்லண்டுக் கூலியாளும் ஏழைதானே? நகரத்து நீரும், மலமும், காற்றுப் புகாத அறைகளுமே அந்த வித்தியாசத்தை உண்டாக்கின என்று சாட்விக் வாதித்தார். நோய் எப்படிப் பரவுகிறது என்பதைப் பற்றி அவர் கொண்டிருந்த கருத்துப் பிழையானது. துர்நாற்றமே நோய் என்று நம்பினார். எனினும், அவர் காட்டிய பரிகாரம் சரியாயிருந்தது.

அறிக்கையின் பயனாக 1848-ம் ஆண்டில் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறிற்று. அச்சட்டத்திலே ஓர் எண் உண்டு. ஏழு ஆண்டுச் சராசரியில், ஓர் ஊரில் ஆயிரம் பேருக்கு 23 பேருக்கு மேல் ஆண்டுதோறும் மாண்டால், அவ்வூரார் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், சுகாதார சபை ஒன்றை அங்கே ஏற்படுத்த மத்திய அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. வரி கட்டுவோர் பலர் கூக்குரலிட்டார்கள். ஊர் விஷயத்தில் லண்டன் தலையிடுவதா என்று கொதித்தார்கள். சாட்விக் 1854-ல் பதவியிழந்து வெளியேறினார். ஆனால் எண் வெளியேறவில்லை. 1875-ம் ஆண்டுச் சட்டம் வந்தபோது, இந்தக் கடமை எல்லா ஊர்ச் சபைகளின் தலையிலும் ஏறிவிட்டது.

இதில் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, தரம் எண்ணால் சொல்லப்பட்டது. 'போதுமான', 'தக்க' என்னும் வார்த்தைகளோடு நின்றிருந்தால் எது போதும், எது தக்கது என்று அதிகாரியும் முதலாளியும் கூடிப் பேசித் தீர்த்துக்கொண்டிருப்பார்கள். மற்றொன்று, கடமை யார்மீது விழுந்தது என்பது. அது வரி வாங்கும் ஊர்ச் சபைமீது விழுந்தது. சபை தவறினால், வரி கட்டியவன் அடுத்த தேர்தலில் கணக்குத் தீர்க்கலாம். ஆலை முதலாளியிடம் போய்க் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

இனி மலாயாவுக்கு வருவோம். வெல்லஸ்லி மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகவும், பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிமார் மூலமாகவும் நம் முன்னோர் வந்த வரலாறு பலமுறை எழுதப்பட்டதே. நமக்கு வேண்டியது அவர்கள் இறந்த கணக்கு. ரப்பர் விலை உச்சியில் ஏறிய 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில், காடுகள் வெட்டப்பட்டு, லயங்கள் அவசரம் அவசரமாக எழும்பி, கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். 1911-ம் ஆண்டில் ஐக்கிய மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் மரண விகிதம் ஆயிரத்துக்கு 62-க்கு மேல். இங்கிலாந்தில் ஆயிரத்துக்கு 23 என்பது சகிக்கலாகாத எல்லை என்று சட்டம் சொல்லி 63 ஆண்டுகள் கழிந்தபின், அதே கொடி பறந்த மற்றொரு பூமியில் இந்தக் கணக்கு! அதிலும், லண்டன் நகரத்துக் கந்தல் வீதிகளைப்போல் கிழவரும் குழந்தைகளும் நிறைந்த ஜனத்தொகை அன்று இது. பெரும்பாலும் வேலைக்கென்று பொறுக்கி எடுத்து அனுப்பப்பட்ட வாலிபர்கள்.

பரிகாரம் தெரியாதிருந்ததா என்றால், அதுவும் இல்லை. மால்கம் வாட்சன் என்னும் வைத்தியர் 1901-ல் கிள்ளானுக்கு வந்து, நகரத்தைச் சுற்றியிருந்த சதுப்பு நிலத்தைக் காடு வெட்டி, வடிகால் வெட்டி, மலேரியாவை அடக்கிக் காட்டியிருந்தார். அதே ஆண்டு திறக்கப்பெற்ற போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் காய்ச்சல் தாண்டவமாடியபோதும் அவ்விதமே செய்து ஜெயித்தார். பின்பு தோட்டங்களிலும் அம்முறையைக் கையாண்டார். கடலோரச் சமவெளிக்குப் பொருந்திய முறை மலைப்பாங்கான தோட்டத்துக்குப் பொருந்தவில்லை. அங்கே மலேரியாவைப் பரப்பும் கொசு, வெயில் படும் தெளிந்த ஓடையிலே முட்டையிடுவது. காட்டை வெட்டி வெளிச்சம் புகவிட்டால் அதற்குக் கொண்டாட்டம். அதைக் கண்டறிந்தபின், ஓடைநீரின்மேல் எண்ணெய் விடும் வழக்கம் வந்தது. ஆக, அறிவு இருந்தது. செலவு யாருடையது என்பதே தகராறு.

மரணக் கணக்கு வெளியே தெரிந்ததும் அரசாங்கத்தார் சும்மா இருக்க முடியவில்லை. இந்தியாவிலிருந்து ஆள் வருவது நின்றுபோனால் ரப்பர் மரத்தைத் தாமா சீவுவார்கள்? ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் நிறுத்தப்பட்டது. 1911-ல் தோட்டத் தொழிலாளரின் ஆரோக்கியப் பாதுகாப்புக்கென ஒரு சட்டமும், அடுத்த ஆண்டில் தொழிலாளர் சட்டத் தொகுப்பும், அது திருத்தப்பெற்று 1923-ல் மற்றொரு தொகுப்பும் வந்தன. வீடு, குடிநீர், கழிப்பிடம், மருந்து, ஆஸ்பத்திரி, ஆயாக்கொட்டகை, பிரசவ காலத்து உதவிப்பணம் எல்லாம் அதில் இடம் பெற்றன. பள்ளி செல்லும் வயதுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளிக்கூடம் வைக்கும்படி அதிகாரி உத்தரவிடலாம் என்றும் எழுதினார்கள். அக்காலத்துக் காலனி நாடுகள் பலவற்றில் இவ்வளவும் எழுதப்படவில்லை என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். மரண விகிதமும் பின்வந்த ஆண்டுகளில் பெரிதும் குறைந்தது.

ஆனால், கடமையை யார் தலையில் வைத்தார்கள் என்று பாருங்கள். ஊர்ச் சபை தலையில் அன்று. அரசாங்கத்தின் தலையிலும் அன்று. தோட்டத்து முதலாளியின் தலையில் வைத்தார்கள். ரப்பர் ஏற்றுமதித் தீர்வை கஜானாவுக்குப் போயிற்று. ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் துரையின் செலவுக் கணக்கில் எழுதப்பட்டன. நகரத்தில் பொதுமக்களுக்கு உரியதாயிருந்த ஊழியம், தோட்டத்தின் எல்லைக் கல்லைத் தாண்டியதும் துரையின் தயவாக உருமாறிவிட்டது. குழாயில் நீர் வராவிட்டால், அந்த நீருக்குப் பொறுப்பானவனிடமே பெரட்டில் பெயர் கொடுத்துக் கூலி வாங்க வேண்டும். அவனைப்பற்றியே புகாரும் கொடுக்க வேண்டும். எந்த மனிதன் கொடுப்பான்?

பள்ளிக்கூடத்தின் கதையைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. பத்துப் பிள்ளை என்று எண் இருந்தது. பள்ளிக்கூடம் என்றால் எது என்பதற்கு அளவில்லை. லயத்தின் ஓர் அறை பள்ளிக்கூடமாயிற்று. எழுத்துத் தெரிந்த கங்காணியோ, டிரசரோ, காலையில் செக்ரோல் எழுதிய கிராணியோ வாத்தியாரானார். சட்டம் நிறைவேறிவிட்டது, பிள்ளைகள் ரப்பர்க் கொட்டை பொறுக்கிக்கொண்டே வளர்ந்தார்கள். எண்ணிக்கை இருந்து தன்மை இல்லாவிட்டால் தரம் எவ்வளவு சுலபமாக வேஷம் போடுகிறது!

கூலிக்கும் ஒரு தரம் வகுத்தார்கள். 1907-ல் ஏற்பட்ட இந்தியர் குடியேற்றக் கமிட்டியில் அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் இருந்தார்கள். தொழிலாளி ஒருவரும் இல்லை. அக்கமிட்டி 1920-களில், ஒரு தொழிலாளி உயிரோடிருக்க அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, துணி எவ்வளவு என்று கணக்கெடுத்து, போக்குவரத்து எளிதாயுள்ள ஜில்லாக்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிர்ணயித்தது. குறைந்தபட்சம் என்றால் அதற்குக் கீழே போகாதது என்பதன்றோ பொருள்? 1930-ல் ரப்பர் விலை சரிந்ததும் அந்தக் குறைந்தபட்சமும் கூடவே சரிந்தது. வயிறும் அந்த விகிதத்தில் சுருங்கிற்று என்று எண்ணினார்கள் போலும். சீனிவாச சாஸ்திரியார் இந்திய சர்க்காரின் சார்பில் வந்து பார்த்து, 1937-ல் வெளியான அறிக்கையில் பழைய கூலியைத் திரும்பக் கொடுக்குமாறு சிபாரிசு செய்தார். மற்ற விஷயங்களில் அவர் அறிக்கை மிகவும் சாந்தமானது. நம்மவர் பலருக்கு அது திருப்தி தரவில்லை. 1938-ல் இந்திய சர்க்கார் உதவிப் பயணத்தில் ஆளனுப்புவதை நிறுத்தியது.

அதுவரை தரத்தை எழுதியவர்கள் எல்லாரும் பிறர். தொழிலாளரே தம் வாயால் தரத்தைச் சொன்ன சந்தர்ப்பம் 1941-ல் வந்தது. கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் மார்ச்சு முதல் மே வரை வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. அவர்கள் கேட்டவற்றைப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும்; பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும்; தக்க வைத்திய வசதி வேண்டும்; பெண்களிடம் தகாத முறையில் நடப்பது ஒழியவேண்டும்; கள்ளுக்கடைகளை மூடவேண்டும்; உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போகவேண்டும்; பேசவும் கூடவும் சுதந்தரம் வேண்டும்; துரைமாரும் தோட்டச் சிப்பந்திகளும் எதிர்ப்பட்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்னும் வழக்கம் தொலையவேண்டும்.

இந்தக் கடைசிக் கோரிக்கையை நான் பலமுறை படித்திருக்கிறேன். துரைமாரை மட்டும் சொல்லியிருந்தால், நம் கிராணிமார் வர்க்கம் கைதட்டியிருக்கும். சிப்பந்திகளையும் சேர்த்தே சொன்னார்கள். மேலே இருப்பவனுக்குக் குனிந்து, கீழே இருப்பவனைச் சைக்கிளிலிருந்து இறக்கிய வர்க்கம் அது. ஆங்கிலம் படித்ததனால் வந்த கௌரவம் அந்தச் சைக்கிள் அளவிலேயே நின்றுவிட்டது. லயங்களையும் சாதி பார்த்துப் பிரித்துக் கொடுத்த தோட்டங்கள் உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வெள்ளைக்காரச் சட்டத்தில் அதற்கு அளவு எழுதப்படவில்லை; நாமே ஊரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தது.

1923-ம் ஆண்டுச் சட்டத்தையும் 1941-ம் ஆண்டுக் கோரிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். சட்டம் தொழிலாளியின் உடம்பை அளந்தது: எவ்வளவு இடத்தில் படுக்கலாம், எவ்வளவு காசில் உண்ணலாம். கோரிக்கை அவனை மனிதனாக அளந்தது. கள்ளுக்கடையும் சர்க்கார் லைசென்சு பெற்ற ஒரு 'வசதி'தான். குறைவில்லாமற் கொடுக்கப்பட்ட வசதி. அதை மூடு என்று கேட்டவன் எது தனக்கு வேண்டும், எது வேண்டாம் என்று தானே தீர்மானிக்க எழுந்துவிட்டான். அதற்குக் கிடைத்த பதில் பட்டாளம். துப்பாக்கிப் பிரயோகத்தில் தொழிலாளர் உயிரிழந்தார்கள். கிள்ளான் வட்டாரத்து இந்தியர் சங்கத் தலைவர்களில் ஒருவராகிய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவ்வாண்டு முடியுமுன் ஜப்பானியர் வந்துவிட்டனர்.

யுத்தமும் அவசரகாலமும் கடந்து 1957-ல் மலாயா சுதந்தரம் பெற்றது. துன் ரசாக்கின் கிராம அபிவிருத்தித் திட்டம் தொடங்கிற்று; 1960-ல் புகழ்பெற்ற சிவப்புப் புத்தகம் வந்தது. எந்தக் கிராமத்துக்குச் சாலை, எந்தக் கிராமத்துக்குக் குழாய்நீர், எங்கே பள்ளிக்கூடம், எங்கே சுகாதார நிலையம் என்று ஜில்லா ஜில்லாவாகப் படம் வரைந்து வேலை செய்தார்கள். நல்ல வேலை. ஆனால் அந்தப் படத்தில் தோட்டம் விடுபட்டது. அது தனியார் நிலம். தனியார் நிலத்தில் வசதி செய்வது அதன் சொந்தக்காரன் பொறுப்பென்று பழைய சட்டம் சொல்லியிருக்கிறதல்லவா? துரையின் தலையில் 1911-ல் வைத்த சுமை, சுதந்தர அரசாங்கம் தோட்டத்தைத் தாண்டிப் போவதற்கு வழியாயிற்று. பள்ளிக்கூடங்களிலும் இதே கதை. அரசாங்க நிலத்தில் உள்ள தமிழ்ப் பள்ளிக்கு முழு உதவி. தோட்டத்து நிலத்தில் உள்ள தமிழ்ப் பள்ளிக்குப் பகுதி உதவி. பிள்ளை ஒன்றுதான், அது உட்கார்ந்திருக்கும் மண் யாருடையது என்பதே கேள்வி.

அதே காலத்தில்தான் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக்கி விற்கும் வியாபாரம் நடந்தது. உங்கு அஜிஸ் அதை ஆராய்ந்து 1962-ல் அறிக்கை தந்தார். ஆயிரம் ஏக்கர்த் தோட்டம் துண்டாகிப் பலர் கைக்குப் போனால், ஆஸ்பத்திரி யாருடையது? குழாய் யாருடையது? கடமையைச் சுமந்தவன் மறைந்ததும் கடமையும் மறைந்தது. வேலை போயிற்று, வீடு போயிற்று, மருந்தும் போயிற்று. எல்லாம் ஒரே நாளில்.

1966-ல் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுத் தரச் சட்டமும், அதற்குப் பதிலாக 1990-ல் வீட்டுத் தரம், வசதிகள் இரண்டையும் சேர்த்த சட்டமும் வந்தன. பொதுக் குழாயிலிருந்து இலவசமாகப் போதிய நீர், போதிய மின்சாரம், வீட்டைப் பழுது பார்த்தல் என்று 1990-ம் ஆண்டுச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. பழையதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் அச்சட்டத்தின் முதல் எழுத்து 'முதலாளி' என்பதே. தொழிலாளியும் அவனைச் சார்ந்தோரும் அடுத்துத்தான் வருகிறார்கள். முப்பது ஆண்டு பால் வெட்டியவர் ஓய்வு பெறும் நாளில் தொழிலாளியாயிருப்பது முடிகிறது. வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். குடியாயிருப்பது முடிகிறதா? முடியவில்லை. ஆனால் குடி என்ற முறையில் அவருக்கு அந்த லயத்திலோ, குழாயிலோ ஒருபோதும் பாத்தியம் இருந்ததில்லை. 1990-களில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இதை நேரில் கண்டன. 1993-ம் ஆண்டுச் சாசனப் பலகை நகரத்துச் சுவரில் ஏறிய காலமும் அதுவே. குழாய்நீர் பற்றித் தோட்டத்து மனிதன் கேட்பதற்கு அந்தப் பலகையில் வரி இல்லை. அவனுக்கு நீர் தரவேண்டியவர் அந்தக் காரியாலயத்தார் அல்லர்.

இப்போது பழைய லயங்களில் நம்மவர் குறைந்து, இந்தோனேசியரும் வங்காள தேசத்தாரும் நேப்பாளத்தாரும் குடியிருக்கிறார்கள். 1990-ம் ஆண்டுச் சட்டம் 2019-ல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் 1 முதல் தோட்டத்தோடு நில்லாமல் தொழிற்சாலை முதலிய பிற துறைகளுக்கும் விரிந்தது. பொது விடுதியில் படுப்பவனுக்கு ஆளொன்றுக்கு 3 சதுர மீட்டர் இடம் வேண்டும். மற்றத் தங்குமிடங்களில் 3.6 சதுர மீட்டர். தங்குமிடச் சான்றிதழ் இல்லாத முதலாளிக்கு 50,000 வெள்ளிவரை அபராதம் உண்டு. எண் இருக்கிறது, தண்டனையும் இருக்கிறது. சாட்விக் கண்டால் மகிழ்வார். 3 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 32 சதுர அடி. பத்தடிக்குப் பன்னிரண்டடியான பழைய லயத்து அறையில் ஐந்து பேர் படுத்தபோது தலைக்கு 24 சதுர அடி கிடைத்தது. நூறு ஆண்டில் எட்டுச் சதுர அடி ஏறியிருக்கிறது. சான்றிதழுக்கு விண்ணப்பம் செய்கிறவர் முதலாளி. அது வழங்கப்படுவதும் முதலாளியின் பெயருக்கே.